வெட்டு தாங்கும், ஊசி தாங்காது
குப்பை பிரிக்கிற பெல்ட்டில் மூன்று மாதம் போட்டுப் பார்த்த கையுறை. உள்ளங்கையில் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூச்சு, கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 388-இல் வெட்டுக்கு 'டி' (ஏ முதல் எஃப் வரை, எஃப்தான் உச்சம்). உடைந்த பாட்டில், தகர டப்பா விளிம்பு எல்லாம் பூச்சைக் கீறியதோடு சரி, தோலுக்கு வரவில்லை. ஆனால் ஊசி? ஒரு பையை அள்ளும்போது நேராக விரல் நுனிக்குள் இறங்கிவிட்டது, கழற்றினால் உள்ளே பொட்டாக ரத்தம், அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவி, ரத்தப் பரிசோதனைக்கு ஓடி, ஒரே அலைச்சல். அந்தத் தரத்தின் குத்துச் சோதனைக்கு வைப்பது ஊசியைவிடப் பல மடங்கு தடித்த கம்பியாம். குத்துக்கு உச்ச அளவான '4' என்று போட்டிருந்ததை நம்பி ஏமாந்தேன். ஊசிக்கென்று தனிச் சோதனை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். சைஸும் சரியாக இருக்கட்டும், தொளதொளவென்ற விரல் நுனி பெல்ட்டில் சிக்கும். நனைந்தால் நாற்றம் வேறு.