அம்பர்லிஸ்ற் 15: பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குக் காசு பெறுமா?

பெறும், கிணற்றுத் தண்ணியை அதுக்குக் கிட்ட விடாவிட்டால்.

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு எசுத்தராக்கம் (அமிலமும் அற்ககோலும் சேர்ந்து வாசமுள்ள எசுத்தராகிற தாக்கம்) காட்ட, ஊக்கியாகச் செறிந்த சல்பூரிக் அமிலத்துக்குப் பதிலாக இப்போது இதைத்தான் எடுக்கிறேன். கடுகிலும் சின்ன, கரும் மண்ணிறப் பிசின் மணிகள். பொலிஸ்ரைரீன் சங்கிலியில் சல்போனிக் அமிலக் கூட்டங்கள் பிணைந்திருப்பதால் அமிலம் கரைசலுக்குள் கழன்று போகாது. தாக்கம் முடிய வடித்தெடுத்து அடுத்த வகுப்புக்கும் வைக்கலாம்.

வேகம் குறைவு. சல்பூரிக் அமிலத்தைவிட ஆறுதலாகத்தான் வேலை செய்யும். இரட்டைப் பாடவேளை இல்லையென்றால் வாசம் வரமுதல் மணி அடித்துவிடும். "சேர், விலை கூடின ஊக்கி எண்டா எசுத்தரும் கூட வரவேணுமே?" என்று ஒருத்தன் கேட்டான். வராது. இந்தத் தாக்கம் முழுதாக முடியாமல் ஒரு சமநிலையில் நின்றுவிடும்; நாங்கள் செய்கிற எசுத்தரான எதைல் எதனோவேற்றுக்குச் சமநிலை மாறிலி ஏறக்குறைய 4. அமிலமும் அற்ககோலும் சம மூல் எடுத்தால் மூன்றில் இரண்டு பங்குதான் மாறும், எந்த ஊக்கி போட்டாலும். அந்தக் கேள்வியைக் கிளப்பினதுக்கே போத்தலுக்கு ஒரு புள்ளி கூடப் போடலாம். ஊக்கியை வடித்தெடுக்கலாம் என்பதால் "நடுநிலையாக்கும் வேலையே இல்லை" என்று சொல்வார்கள்; அந்தப் பேச்சு மட்டும் பாதிதான் சரி. எஞ்சின எதனோயிக் அமிலத்துக்குச் சோடியம் காபனேற்று வேணும், அதையும் மணிகளை வடித்தெடுத்த பிறகுதான் ஊற்றவேணும்.

தண்ணிக்கு வருவோம். எங்கட பக்கம் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியமும் மக்னீசியமும் மணியிலுள்ள ஐதரசன் அயனைத் தள்ளிவிட்டுத் தாங்கள் குந்திவிடும். நிறம் மாறாது, உடையாது, வேலை மட்டும் செய்யாது. ஆகவே காய்ச்சி வடித்த நீரிலேயே கழுவுங்கள். சந்தேகமென்றால், நன்றாகக் கழுவின மணிகள் கொஞ்சத்தை ஆனையிறவு உப்புக் கரைசலில் போட்டுப் பாருங்கள்: நீலப் பாசிச்சாயத்தாள் சிவந்தால் அமிலம் இன்னும் இருக்கிறது. சிவக்காவிட்டால் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் மீண்டுவிடும். 120 பாகை செல்சியசுக்கு மேல் சூடு காட்டவேண்டாம்.

காந்தக் கலக்கி மணிகளை அரைத்து மாவாக்கி வடிதாளை அடைக்கும். கையால் குடுவையைச் சுழற்றினாலே காணும்.

கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்கவேணும், ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தனியே கட்டாது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து வாங்கிப் பங்கிடுங்கள். கேட்கும்போது உலர்ந்த வகை என்று சொல்லிக் கேளுங்கள்; ஈரமான வகையும் விற்கிறார்கள், அதிலுள்ள நீர் எசுத்தராக்கத்தை இன்னும் மந்தமாக்கும்.