இரட்டைக் குழல் துவக்கு: கடை மேசையிலேயே தெரிந்துவிடும் குறைகள்

அனுமதிப்பத்திரம் கிடைத்ததும் வன்னியிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறுகிறவர் கடையில் முதலில் பார்ப்பது பக்கவாட்டில் வெட்டிய பூவேலையை. பார்க்க வேண்டியது குழலை. பிடி வெடித்தால் கைதேர்ந்த தச்சர் சரிக்கட்டுவார், உள்ளே வில் உடைந்தால் மாற்றலாம். குழல் பழுதென்றால் மிச்சத்துக்குப் பெறுமதி இல்லை.

துவக்கை மடித்து இரண்டு அறையும் வெறுமை என்று கண்ணால் கண்ட பிறகே மற்ற வேலை. குழலுக்கு அடியில் உள்ள மரமான முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுங்கள். குழல், விசையும் பூட்டும் உள்ள உடல், முன்கட்டை மூன்றிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு துவக்கைக் கொண்டு ஒன்று கட்டியிருக்கிறார்கள். பத்திரத்தில் எந்த இலக்கத்தை எழுதுவது என்ற தலையிடியும் கூடவே வரும்.

அடுத்தது துணி. கடைக்காரர் குழலுக்குள் தாராளமாக எண்ணெய் பூசி வைத்திருப்பார். உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் மறைத்த துருக்குழிகள் அப்போதுதான் தெரியும். உள்ளே வளையம் போல நிழல் விழுந்தால் அந்த இடத்தில் குழல் வீங்கியிருக்கிறது. சேறோ அடைப்போ இருந்த நிலையில் சுட்டதன் அடையாளம் அது. 12 அளவுத் துவக்கில் தவறி அதைவிடச் சிறிய 20 அளவுத் தோட்டா போட்டால், அது நழுவிப்போய் அறைக்கு முன்னால் சிக்கிக்கொள்ளும். பின்னால் 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். வீங்கின குழல் எந்த விலைக்கும் வேண்டாம்.

குழலை அதன் அடியில் உள்ள கொக்கியில் விரலால் தொங்கவிட்டு மரத்துண்டால் மெல்லத் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். கரகரத்தால் இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டையின் பற்றாசு விட்டிருக்கிறது. கடற்காற்றுப் படும் ஊரில் அந்த இடுக்குக்குள் ஈரம் புகுந்தால் துரு வெளியே தெரியாமல் தின்னும். உட்குழலில் குரோம் பூசிய பைக்கால் இஷ் 43 போன்ற ரஷ்யத் துவக்குகள் இந்தக் காலநிலைக்கு நல்லதுதான், ஆனால் அந்தக் குரோம் உள்ளே மட்டுமே.

பழைய ஆங்கிலத் துவக்குகளில்தான் பெரிய பொறி இருக்கிறது. அவற்றில் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர். இன்று கிடைக்கும் 70 மில்லிமீற்றர் தோட்டா அதற்குள் இலகுவாகப் போய்விடும், துவக்கும் பூட்டும். ஏனென்றால் 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடாத தோட்டா அதைவிடக் கட்டை. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் குழல் ஒடுங்கும் இடத்தை அடைக்கும், அழுத்தம் ஏறும். ஆகவே “தோட்டா போகுதுதானே” என்பது பதிலல்ல. குழலின் அடியில் உள்ள முத்திரையைப் படியுங்கள். குழல் அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதித்தவர்கள் அடிப்பது அது. 1954க்குப் பிந்திய பர்மிங்ஹாம் சோதனையென்றால் கிரீடமும் பி.என்.பி. எழுத்துகளும் இருக்கும், அது இன்றைய தோட்டாவில் உள்ள புகையற்ற மருந்துக்குச் சோதித்தது. முட்டை வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. இருந்தால் பெல்ஜியத்து லியேஜ் நகரில் சோதித்தது. மேலே எந்த ஆங்கிலப் பெயர் பொறித்திருந்தாலும் சரி. பழைய கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழலில் இன்றைய தோட்டா போடக் கூடாது.

12 குழலின் பெயரளவு உள்விட்டம் 18.5 மில்லிமீற்றர். பழையதில் துருவைப் போக்க உள்ளே கடைந்திருப்பார்கள். முத்திரையில் உள்ள அளவைவிட 0.25 மில்லிமீற்றர் கூடினால் ஆங்கிலச் சோதனை செல்லாது. சுவர்த் தடிப்பு எங்காவது 0.5 மில்லிமீற்றருக்குக் கீழ் இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். அது இல்லாத கடையில், பழைய துவக்கை ஆயுத வேலைக்காரர் ஒருவரின் சொல்லில்லாமல் வாங்க வேண்டாம்.

பூட்டை முன்கட்டை இல்லாமலே சோதிக்க வேண்டும், முன்கட்டையின் வில் ஆட்டத்தை மறைத்துவிடும். குழலை மாட்டிப் பூட்டிவிட்டு, ஒரு கையால் குழலையும் மறுகையால் பிடியையும் பற்றிப் பக்கவாட்டில் அசையுங்கள். சிறிதும் ஆடக் கூடாது. குழலின் பின்முகத்துக்கும் உடலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தாலும் பூட்டுத் தேய்ந்ததுதான். துவக்கைத் திறக்கும் மேல் நெம்புகோல் புதிய துவக்கில் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய இடப்பக்கம் போகும்.

விசையைச் சோதிக்க மருந்தில்லாத போலித் தோட்டா இரண்டு கேளுங்கள், வெறும் அறையில் அடித்தால் ஊசி கெடும். முன்விசை 1.6, பின்விசை 1.8 கிலோ அளவில் விட்டால் சரி. முன்விசையால் வலக்குழலை அடித்துவிட்டு, பிடியின் அடியை உள்ளங்கையால் தட்டிவிட்டு, பின்விசையை இழுங்கள். ‘டிக்’ கேட்காவிட்டால் தட்டிலேயே இடச்சுத்தியல் விழுந்திருக்கிறது. வயலில் அது இரண்டு குழலும் சேர்ந்து வெடிப்பது, தோள் தாங்காது.

துருக்கியத் துவக்கென்றால் சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். உடலில் ஒட்டாவிட்டால் அது அலுமினியக் கலவை. தூக்க இலேசு, உதை கூட. காவலுக்குச் சுமந்து நடப்பவருக்கு அது பொருந்தும், நிறையச் சுடுபவருக்கு உருக்கே நல்லது.

சுட்ட தோட்டாவைத் தானே வெளியே எறியும் எஜெக்டருக்குக் கூடுதல் காசு கொடுப்பது வயல் காவலுக்கு வீண். அது இருந்தால் இரண்டு போலித் தோட்டாவும் ஒரே வேகத்தில் பறக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.