ஷட்டர் சாவி யார் கையில்? கல்லூரி இணையத் தடையில் நான்கு வழிகள்

கும்பகோணம் பக்கம் ஒரு சமய அறக்கட்டளைக் கல்லூரியில் தமிழ் ஆய்வு மாணவனாக நாலு வருஷம் குப்பை கொட்டியவன் நான். நூலக கம்ப்யூட்டரில் நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புத் திருமேனிகளைத் தேடினால் 'தடை செய்யப்பட்ட வகை' என்று சிவப்பாக வந்து நிற்கும். 1856 தொடங்கி நம் மண்ணிலேயே கிடைத்தவை, சுமார் 350! சமய நிறுவனம் தன் வளாகத்தில் சிலவற்றை அனுமதிக்காது என்பதில் எனக்குச் சண்டை கிடையாது, தெரிந்துதான் சேர்கிறோம். தடுக்கிற விதத்தில்தான் சண்டை.

முதல் வழி வகைவாரித் தடை, இதுதான் எங்கும் இருப்பது. இணையத்துக்குக் காவல் போடும் ஃபயர்வால் மென்பொருளை விற்கும் கம்பெனி தளங்களையெல்லாம் வகை பிரித்து வைத்திருக்கும், நிர்வாகம் டிக் அடித்தால் போதும். சூதாட்டம், ஆபாசம், சரி. ஆனால் அதே பட்டியலில் 'மாற்று நம்பிக்கைகள்', 'தனிநபர் தளங்கள், வலைப்பூக்கள்' என்றும் பெட்டிகள் இருக்கும். இரண்டாவதை மூடினால் தமிழ் ஆய்வில் பாதி காலி, ஏனென்றால் கல்வெட்டுக் குறிப்பு, ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்று ஓய்வுபெற்ற வாத்தியார்கள் எழுதி வைத்திருப்பதெல்லாம் பிளாக்ஸ்பாட்டில்தான். சொல்லைப் பார்த்துத் தடுக்கும் வடிகட்டி இன்னும் மோசம். மார்பகப் புற்றுநோய்க் கட்டுரை மாட்டிக்கொள்ளும். அதற்குத் தமிழும் தெரிந்துவிட்டால் அகநானூறு தாங்காது.

அமெரிக்காவின் யூட்டாவில், மார்மன் திருச்சபை நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழகம் 2009 வரை யூடியூபையே மூடி வைத்திருந்தது. பாடத்துக்கான வீடியோக்கள் பெருகியதும் திறந்துவிட்டது. இங்கே ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் யூடியூபில் இருக்க, அதை மூடிவிட்டு ஆன்லைன் படிப்பு படியுங்கள் என்று சுற்றறிக்கை விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, அனுமதித்த தளங்கள் மட்டும் என்பது. அது பள்ளிக்கூட லேபுக்கு ஆகும். ஆய்வுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

மூன்றாவது, எல்லாம் திறந்திருக்கும், ஆனால் பதிவு ஓடும். தாராளமாகத்தான் தெரியும். உள்ளடக்கத்தைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் தளத்தில் எந்தப் பக்கம் படித்தீர்கள் என்பது தெரியாவிட்டாலும் எந்தத் தளம், எத்தனை மணிக்கு, யார் லாகின் என்பது தெரியும். அந்தப் பூட்டைத் திறக்கக் கல்லூரி கொடுக்கும் டிஜிட்டல் சான்றிதழையும் கணினியில் ஏற்றிவிட்டால் உள்ளே இருப்பதும் தெரியும், மெயில் உட்பட. (சொந்த போனில் அதை ஏற்றிவிடாதீர்கள்.) அந்தப் பதிவு செயலாளர் மேசைக்குப் போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், தடையே தேவைப்படாது. "அதையெல்லாம் வீட்ல பாத்துக்கோப்பா" என்று என் நெறியாளரே சொன்னார்.

வீட்டில், போனில் பார்க்கலாம்தானே என்பார்கள். கல்லூரி சந்தா கட்டிய ஆய்விதழ்கள் பெரும்பாலும் கல்லூரி இணைப்பின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் திறக்கும், வெளியிலிருந்து நுழையத் தனி லாகின் எல்லாக் கல்லூரியும் தருவதில்லை. டேட்டா போட முடிந்தவன் எப்படியோ தப்பித்துக்கொள்வான், நூலக கம்ப்யூட்டரையே நம்பி வருகிறவன் மாட்டுவான்.

நான்காவதுக்குத்தான் என் ஓட்டு: தடை இருக்கட்டும், கேட்டால் நூலகர் திறக்கட்டும். இணையத்துக்கு மத்திய அரசு உதவி பெறும் அமெரிக்கப் பொது நூலகங்களில் வடிகட்டி வைக்கச் சொன்ன 2000ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றதற்கு ஒரு முக்கியக் காரணம், பெரியவர்கள் கேட்டால் திறந்துவிடலாம், ஏன் கேட்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை என்பது. எங்கள் கல்லூரியிலும் காகிதத்தில் இதே வழிதான். விண்ணப்பம், நெறியாளர் கையெழுத்து, துறைத் தலைவர், முதல்வர், கடைசியில் செயலாளர். திறக்கப் பதினோரு நாள் ஆனது. அதற்குள் எனக்கு அந்தக் கேள்வியே ஆறிப்போயிருந்தது.

எங்கள் ஊர் வாய்க்காலில் முறை வந்தால், தண்ணீர் விடும் பாசன ஊழியரான லஸ்கர் ஷட்டரைத் திறப்பார். நீ பொன்னி நடுகிறாயா, உளுந்து தெளிக்கிறாயா என்று கேட்க மாட்டார்.

உ.வே.சா. திருவாவடுதுறைச் சைவ மடத்தில் படித்தவர், கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொன்னவர். 1887இல் அவர் பதிப்பித்தது சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி. புரியாத இடங்களுக்கு ஊரிலிருந்த சமணர் வீடுகளுக்கே நடந்து போய்க் கேட்டார். இன்றைக்கென்றால் 'மாற்று நம்பிக்கைகள்' பெட்டியில் மாட்டி, செயலாளர் கையெழுத்துக்குக் காத்திருந்திருப்பார்.

ஆய்வுக்குச் சேரப் போகிறவர்கள் கட்டணம் கட்டும் முன் அந்தக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பிளாக்ஸ்பாட் முகவரியை அடித்துப் பாருங்கள். திறக்கவில்லையென்றால் யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாளாகும் என்று நூலகரிடமே கேளுங்கள்.