லினக்ஸ் சான்றிதழ்: எந்தத் தேர்வுக்குப் பணம் கட்டலாம்?

லினக்ஸ் கணினிகளை நிர்வகிக்கும் அட்மின் வேலைக்குச் சான்றிதழ் தேடுகிறவர்கள் முன்னால் நான்கு பெயர்கள் வந்து நிற்கும்: ரெட் ஹாட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்சிஎஸ், எல்பிஐ அமைப்பின் எல்பிஐசி-1, காம்ப்டியாவின் லினக்ஸ் பிளஸ். பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒன்றுதான். பயனர் கணக்கு, கோப்பு அனுமதி, வட்டுப் பிரிவு, நெட்வொர்க், சர்வீஸ்களை நிறுத்துவது, ஓடவிடுவது. சோதிக்கிற விதம்தான் வேறு. முதல் இரண்டில் ஓடுகிற கணினியைக் கையில் கொடுத்து வேலையை முடிக்கச் சொல்வார்கள். எல்பிஐசியில் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில கேள்விகளில் கட்டளையைத் தட்டி எழுத வேண்டும். லினக்ஸ் பிளஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. என் ஓட்டு செய்முறைத் தேர்வுக்குத்தான்.

ஆர்ஹெச்சிஎஸ்ஏவின் தேர்வு எண் ஈஎக்ஸ்200. மூன்று மணி நேரம், 300 மதிப்பெண், தேற 210 வேண்டும். இணையம் கிடையாது. கணினியிலேயே இருக்கும் மேன் பக்கங்களையும் (கட்டளைகளுக்கான கையேடு) உதவிக் கோப்புகளையும் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வழக்கமாகக் கூகுளில் தேடி ஒட்டுகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரம் கை ஓடாது.

இந்தத் தேர்வின் குணமே ஒரு விதியில் இருக்கிறது: நீங்கள் செய்த எல்லாம் கணினியை மறுபடி பூட் செய்த பிறகும் நிலைத்திருக்க வேண்டும். புதிய வட்டுப் பிரிவை மவுண்ட் செய்துவிட்டு (அதாவது கணினியில் இணைத்துவிட்டு), பூட் ஆகும்போது எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுத மறந்தால் அந்தக் கேள்வி போயிற்று. அதைவிட மோசம், எழுதி அதில் ஓர் எழுத்து தப்பினால் கணினி முழுதாக பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். அதைச் சரிசெய்யத் தெரியாவிட்டால் மற்ற விடைகளும் சேர்ந்து முழுகும். ஃபயர்வாலில் ஒரு போர்ட்டைத் திறந்து, அதை நிரந்தரமாக்காமல் விட்டாலும் இதே கதைதான். உண்மையான சர்வரில் இரவு இரண்டு மணிக்கு நடக்கும் கூத்தும் இதுவே என்பதால் இந்த விதியைக் கொடுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் எஸ்இலினக்ஸ், அதாவது எந்த புரோகிராம் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு. பல அலுவலகங்களில் ஏதாவது தகராறு செய்தால் முதலில் அதை அணைத்துவிடுவார்கள். இங்கே அந்தக் குறுக்கு வழி செல்லாது. வெப் சர்வரை வழக்கமில்லாத போர்ட்டுக்கு மாற்றினால் எஸ்இலினக்ஸ் ஏன் தடுக்கிறது, எந்த லேபிளை (அது ஒட்டிவைக்கும் பாதுகாப்புக் குறியை) திருத்த வேண்டும் என்று உட்கார்ந்து புரிந்துகொள்ளத்தான் வேண்டும். வேறு எந்தத் தேர்வும் இதை இவ்வளவு கறாராகக் கற்க வைப்பதில்லை.

குறை என்று பார்த்தால், எல்லாம் ரெட் ஹாட் உலகம். இன்னொரு லினக்ஸ் குடும்பமான டெபியன், உபுண்டுவில் மென்பொருள் நிறுவ உதவும் ஏபிடி பக்கமே தலை வைக்க மாட்டார்கள். சான்றிதழ் செல்லுபடியாவது மூன்று ஆண்டுகள். நடுவில் பதிப்பும் மாறும்: ரெட் ஹாட்டின் லினக்ஸான ஆர்ஹெச்இஎல் 8 வந்தது 2019இல், 9 வந்தது 2022இல், 10 வந்தது 2025இல். பழைய பதிப்புக்கான புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கும் முன் இதை யோசியுங்கள். அடுத்த படியான ஆர்ஹெச்சிஇ, ஆர்ஹெச்இஎல் 8 காலத்திலிருந்து, பல கணினிகளைத் தானியங்கியாக அமைக்கும் ஆன்சிபிள் கருவியின் தேர்வாகிவிட்டது.

எல்எஃப்சிஎஸ் 2014இல் வந்தது. இதுவும் செய்முறைதான், ஆனால் இரண்டே மணி நேரம், வீட்டிலிருந்தே எழுதலாம். கேமரா வழியாக ஒருவர் கண்காணிப்பார். மேசையும் அறையும் காலியாக இருக்க வேண்டும். நம் ஊர் மின்வெட்டை நினைத்து யூபிஎஸ் ஏற்பாடு செய்துவிட்டு உட்காருவது நல்லது. கட்டணத்திலேயே ஒரு மறுதேர்வும் அடங்கும் என்பது பெரிய ஆறுதல். கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி), மெய்நிகர் கணினி, கன்டெய்னர் (புரோகிராமைத் தேவையானவற்றோடு பொதிந்து ஓட்டும் முறை) என்று பாடம் கொஞ்சம் இன்றைய வேலைக்கு நெருக்கமாக இருக்கிறது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: அதற்கான சிகேஏ தேர்வையும் இதே அமைப்புதான் நடத்துகிறது, முறையும் கிட்டத்தட்ட இதே. ஆகவே இது அதற்கு நல்ல ஒத்திகை. ஆனால் வேலை விளம்பரங்களில் ஆர்ஹெச்சிஎஸ்ஏ கண்ணில் படுகிற அளவுக்கு இது படுவதில்லை. ஆயுளும் குறைவு. மூன்று ஆண்டாக இருந்ததை 2024 ஏப்ரலிலிருந்து இரண்டாக்கிவிட்டார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை.

எல்பிஐசி-1க்கு 101, 102 என இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 60 கேள்விகள், 90 நிமிடம். 200 முதல் 800 வரையான அளவுகோலில் 500 எடுத்தால் தேர்ச்சி. கட்டணத்தையும் இரண்டு முறை கட்ட வேண்டும். ஐந்து ஆண்டுகள் செல்லும் என்பது நால்வரில் அதிகம். இதை நான் ஒதுக்காததற்குக் காரணம் அதன் அகலம். ரெட் ஹாட் வகையின் ஆர்பிஎம் உலகமும் டெபியன் உலகமும் சரிசமமாக வரும். அரசு அலுவலகங்களுக்காகச் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸ் கூட டெபியன் வழிதான். அந்தப் பக்கம் வேலை பார்ப்பவருக்கு ரெட் ஹாட் மட்டும் தெரிந்தால் போதாது. எல்பிஐ தன் பாடநூல்களைத் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பிரிண்டர் நிர்வாகம் ஏன் இன்னும் பாடத்தில் இருக்கிறது என்பதுதான் விளங்கவில்லை. கேள்வி-பதில் தேர்வு என்பதால் டம்ப்ஸை (வெளியில் கசிந்த கேள்வி-பதில் தொகுப்பை) மனப்பாடம் செய்து தேறுகிறவர்களும் உண்டு; நேர்காணல் எடுப்பவர்களுக்கு அது தெரியும்.

லினக்ஸ் பிளஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2019 வரை எல்பிஐயின் தேர்வையே தன் பெயரில் நடத்திவந்தது. ஒன்று எழுதினால் இரண்டு சான்றிதழ் கிடைத்த காலம் அது. இப்போது தனி வழி. காம்ப்டியா பெயருக்கு அமெரிக்காவில் மரியாதை அதிகம். அங்கே வேலை தேடாதவர்கள் தாண்டிப் போகலாம்.

சரி, யாருக்கு எது? முதல் வேலைக்காக ஒன்றுதான் எழுத முடியும் என்றால் ஆர்ஹெச்சிஎஸ்ஏ. ஏற்கெனவே வேலையில் இருந்து, உபுண்டு சர்வர்களோடும் கிளவுடோடும் புழங்குகிறவருக்கு எல்எஃப்சிஎஸ். அவசரமில்லை என்றால் நவம்பர் கடைசியில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் போடும் சைபர் மன்டே தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். கல்லூரியில் படிக்கிறவர் எல்பிஐயின் இலவசப் பாடத்தைப் படிக்கட்டும், தேர்வுக் கட்டணத்தை ஆர்ஹெச்சிஎஸ்ஏவுக்குச் சேர்க்கட்டும்.

பயிற்சிக்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. ரெட் ஹாட்டின் டெவலப்பர் சந்தாவில் தனிநபர் 16 கணினிகள் வரை ஆர்ஹெச்இஎல்லை இலவசமாக ஓட்டலாம். அந்தப் பதிவெல்லாம் வேண்டாம் என்றால் ஆர்ஹெச்இஎல்லைப் போலவே இயங்கும் இலவச ராக்கி லினக்ஸோ ஆல்மா லினக்ஸோ போதும். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸில் இரண்டு கணினிகளை நிறுவி, ஒன்றின் எஃப்எஸ்டேப்பை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு பூட் செய்து மீட்டுப் பாருங்கள். முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல் தெரியாமல் உள்ளே நுழைவதையும் கையோடு பழகிக்கொள்ளுங்கள்.