மறுபடி சேர்ந்த ராக் பேண்டை எங்கே பார்ப்பது: மலையடிவார விழாவா, ஊருக்குள் அரங்கா?

பிரிந்துபோய்ப் பல வருடம் கழித்து மறுபடி சேர்ந்த ராக் பேண்டை நேரில் பார்க்க, தென்னாப்பிரிக்காவில் டர்பன்காரர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஈஸ்டர் விடுமுறையில் காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு அண்டர்பெர்க் பக்கம் ஸ்பிளாஷி ஃபென் போன்ற திறந்தவெளி இசை விழாவுக்குப் போகலாம். இல்லையென்றால் அந்த பேண்ட் தன் பெயரிலேயே ஊருக்குள் ஓர் அரங்கில் வாசிக்கும் இரவுக்குக் காத்திருக்கலாம். நான் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் இனி அரங்குக்குத்தான் போவேன்.

வெளிநாடு போய்ப் பார்ப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1993-ல் உடைந்த அமெரிக்க ராக் பேண்ட் பிக்ஸீஸ் 2004-ல் சேர்ந்ததிலிருந்து உலகம் முழுக்க இந்த மறுகூடல் அலை ஓயவே இல்லை. ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 2009-லிருந்து நம் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் விசா கேட்கிறது. விமான டிக்கெட்டை ராண்டில் போட்டுப் பார்த்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நம் நாட்டிலேயே சேர்ந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங்பாக் நியூட் கேர்ல்ஸ் என்ற பேண்ட் 1994-ல் ஸ்டெல்லன்பாஷில் தொடங்கி, 2001-ல் கலைந்து, மறுபடி கூடி 2007-ல் புது ஆல்பமே போட்டார்கள். 2011-ல் அயர்லாந்து பேண்ட் யூ2 இங்கே வந்தபோது அவர்களுக்கு முன்னால் மேடையேறியதும் இவர்கள்தான்.

விழாவின் நல்லது எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்பிளாஷி ஃபென் 1990-லிருந்து நடக்கிறது. தெற்கு டிராக்கன்ஸ்பெர்க் மலை அடிவாரம், பக்கத்திலேயே ஆறு, ஒரே டிக்கெட்டில் எத்தனையோ பேண்ட். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். விலையை மட்டும் பார்த்தால் விழாதான் லாபம். ராத்திரிக் குளிருக்கு நல்ல கம்பளி வேண்டும், அவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி. சாட்ஸ்வர்த்திலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் அங்கேதான் இருப்போம். "தீமிதியை விட்டுட்டு மலையில போய்க் கூடாரத்துல படுக்கப் போறியா?" என்று அம்மா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சனிக்கிழமை கிளம்பலாம், ஆனால் பார்க்க நினைத்த பேண்ட் வெள்ளி இரவே வாசித்து முடித்திருந்தால் போய் என்ன பயன்?

ஆனாலும் நான் அரங்கு பக்கம் சாய்வதற்குக் காரணம் இது இல்லை. காரணம் சவுண்ட் செக், அதாவது கச்சேரிக்கு முன்னால் ஒலியைச் சரிபார்ப்பது.

அரங்கில் ஒரு பேண்ட் தனியாக வாசிக்கும் நாளில் மதியமே வந்துவிடுவார்கள். டிரம்ஸில் ஒவ்வொரு மைக்காகத் தட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் பேஸ் கிதார், கிதார், குரல். பிறகு இரண்டு மூன்று பாட்டை முழுதாகவே வாசிப்பார்கள். பாடகருக்கு எதிரே சாய்ந்து கிடக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் அவர் குரல் எவ்வளவு கேட்க வேண்டும், கிதார் எவ்வளவு கேட்க வேண்டும் என்பது அங்கேதான் தீர்மானமாகும். நம் கோயிலில் தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சாமல் யாரும் அடிப்பதில்லையே, இதுவும் அப்படித்தான். விழாவிலோ ஒரு பேண்ட் இறங்கி அடுத்தது ஏற அரைமணி கிடைத்தால் பெரிது. அதற்குள் டிரம்ஸை மாற்றி, ஒயரைச் செருகி, மைக்கில் ஓசை வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் முதல் பாட்டு ஓடும்போதே சரிசெய்ய வேண்டியதுதான்.

மாதக்கணக்கில் சுற்றுப்பயணத்தில் இருக்கும் இளம் பேண்டுக்கு அது போதும். ஒருவர் கை போகும் போக்கு மற்றவருக்குப் பழகியிருக்கும், எதுவும் கேட்காவிட்டாலும் சமாளிப்பார்கள். பல வருடம் விலகியிருந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். குரலும் மாறியிருக்கும். இருபதுகளில் கத்திப் பாடியதை ஐம்பதில் அதே சுருதியில் பாட முடியாமல் பலர் அரைக்கட்டை, சில வேளை ஒரு கட்டையே இறக்கித்தான் வாசிக்கிறார்கள். இறங்கிய சுருதியில் பேஸும் கிதாரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அதைப் பிரித்துக் கொடுக்க, எல்லா ஒலியையும் கலந்து கொடுக்கும் மிக்சர் மேசையில் இருப்பவருக்கு நேரம் வேண்டும்.

இதை நான் காதாலேயே கேட்டேன். ஒரு திறந்தவெளி விழாவில், மறுபடி சேர்ந்த ஒரு பேண்ட் நான் பள்ளி நாட்களிலிருந்து மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டைத் தொடங்கியது. முதல் சரணம் முழுக்கப் பாடகரின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. அவர் டிரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மானிட்டரில் தாளமே கேட்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எல்லாம் சரியானபோது கொடுத்த நேரத்தில் பாதி போயிருந்தது. காற்று வேறு. பக்கவாட்டில் அடிக்கும்போதெல்லாம் டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சலசலப்பு ஒதுங்கிப் போய்த் திரும்பி வரும். 100 மீட்டர் தள்ளி நின்றால் குச்சி விழுவது கண்ணுக்கு முதலில் தெரியும், அடி கால் நொடிக்கு மேல் தாமதித்துத்தான் காதுக்கு வரும்.

வேறொரு பேண்டை டர்பனில் ஓர் அரங்கில் கேட்டேன். மிக்சர் மேசைக்கு நேர் முன்னால் நின்றேன். சவுண்ட் ஆள் கேட்டுக் கேட்டுச் சரிசெய்வது அந்த இடத்துக்குத்தான். முதல் அடியிலேயே பேஸ் நெஞ்சில் விழுந்தது. பாடகரின் குரல் கரகரத்திருந்தது, வயது தெரிந்தது, ஆனால் ஒரு சொல்கூடத் தவறாமல் காதில் விழுந்தது. ஹிட் பாட்டுகளோடு நிறுத்தாமல், ஆல்பத்தின் கடைசியில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் பாட்டுகளையும் வாசித்தார்கள். விழாவில் கிடைக்கும் முக்கால் மணியில் அதற்கு இடமே இருக்காது. இத்தனை வருடம் காத்திருந்தவனுக்கு அந்தப் பாட்டுகள்தான் வேண்டும்.

கேப் டவுனில் கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்தின் கோடைக் கச்சேரிகள் இரண்டுக்கும் நடுவில் வரும். நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை ஞாயிறு மாலைகளில் நடக்கும். திறந்தவெளிதான் என்றாலும் அன்றைக்கு ஓரிரண்டு பேர்தான் வாசிப்பார்கள், அதனால் சவுண்ட் செக்குக்கு நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே எனக்குப் பழக்கம் குறைவு, ஓங்கிச் சொல்ல மாட்டேன். புல்தரையில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் கூட்டம் எனக்குக் கொஞ்சம் அடக்கமாகத் தெரிந்தது. கத்திப் பாடும் பேண்டுக்கு முன்னால் நிற்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் விழா பக்கம் நின்று சொல்ல வேண்டும். உங்கள் பேண்ட் அன்றைய கடைசி, முக்கிய ஆட்டமாக இருந்தால் காலையில் கேட் திறப்பதற்கு முன்பே அவர்களுக்கு முழு சவுண்ட் செக் கிடைப்பதுண்டு, மேடையில் நேரமும் கூடுதல். அப்போது நான் சொன்ன வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் டிக்கெட் எடுக்கும் முன் எந்த நாள், எத்தனை மணி, யாருக்கு அடுத்து என்று பட்டியலைப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு நடுவில் செருகியிருந்தால் பணத்தை அரங்குக்கு எடுத்து வையுங்கள். அரங்குக்குப் போகிறவர்கள் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.