தொங்கு தோல் ஆபரேஷனுக்குப் பிறகு: வெல்க்ரோ பெல்ட்டா, ஜிப் வைத்த முழு ஆடையா?

எடை 40, 50 கிலோ இறங்கியபின் மிஞ்சித் தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டித் தைத்துக்கொண்டவர்களுக்கு மருந்துச் சீட்டோடு எழுதித் தரப்படும் பொருள் இது. சர்ஜிக்கல் கடையில் 'அப்டாமினல் பெல்ட்' என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். பிரசவத்துக்கும் ஹெர்னியாவுக்கும் கட்டுகிற அதே பெல்ட்தான், விலை சில நூறு ரூபாய். பக்கத்திலேயே வயிற்றையும் தொடையையும் இறுக்கிப் பிடிக்கிற, ஜிப்பும் கொக்கியும் வைத்த முழு ஆடை சில ஆயிரம் ரூபாய்க்குத் தொங்கும். இரண்டில் எது நல்லது என்று கேட்பதைவிட எது எப்போது என்று கேட்பதுதான் சரி. முதல் 2 வாரத்துக்கு பெல்ட், டிரெய்ன் (தோலுக்கு அடியில் சேரும் நீரை வெளியே இறக்கும் டியூப்) எடுத்தபின் ஏறக்குறைய 6-வது வாரம் வரை ஆடை. ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு கணக்கு சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

காரணம் எளிது. முதல் இரண்டு வாரம் வீக்கம் நாளுக்கு நாள் மாறும், டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், டியூப் தொங்கும். பெல்ட்டைப் படுத்தபடியே திறக்கலாம், விரலளவு இறுக்கலாம், தளர்த்தலாம். ஆடைக்குள் நுழைய காலைத் தூக்கி, இடுப்பை வளைத்து, துணியை இழுத்து ஏற்ற வேண்டும். இடுப்பு எலும்பிலிருந்து இடுப்பு எலும்பு வரை தையல் போட்டு, நிமிர்ந்து நடக்கவே ஒரு வாரத்துக்கு மேலாகும் ஒருவரால் அது ஆகிற காரியமில்லை.

பெல்ட் கட்டினால் நீர் கட்டவே கட்டாது என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். தோலை உரித்துத் தூக்கி இழுத்துத் தைத்த இடத்துக்கு அடியில் நிணநீர் சுரக்கத்தான் செய்யும், அதற்குத்தான் டிரெய்ன். பெல்ட்டின் வேலை வேறு. மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பிடிப்பது, இருமும்போதும் எழும்போதும் தாங்குவது. அந்த வேலையை நல்ல பெல்ட் ஒழுங்காகச் செய்கிறது.

வாங்கும்போது நடக்கும் பெரிய தப்பு அளவில். எடை குறைத்தவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே இன்ச் டேப் வைத்து அளக்கிறார்கள். அப்போது தொங்கும் மடிப்பும் சேர்ந்து அளவாகிவிடும். தோல் போனபின் அந்த பெல்ட் சுற்றிச் சுற்றி வரும். பேன்ட் சைஸை வைத்தும் வாங்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பின் தொப்புள் மட்டத்தில் டிரெஸ்ஸிங்கோடு சேர்த்து அளந்து, டப்பா மேலிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். அந்த அட்டவணை கம்பெனிக்கு கம்பெனி வேறு. உயரம் குறைந்தவர்களுக்கு மூன்று பட்டை அகலமுள்ள பெல்ட் போதும். நான்கு பட்டை வாங்கினால் உட்காரும்போது மேல் ஓரம் விலாவில் முட்டும், கீழ் ஓரம் தொடை மடிப்பில் குத்தும்.

கட்டும் முறை: கட்டிலில் மல்லாந்து, முதுகுக்கு இரண்டு தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று. பெல்ட்டை முதுகுக்கு அடியில் விரித்து, உள்ளே தையலில்லாத பருத்தி பனியன் போடுங்கள். தையல் உள்ள பனியன்தான் இருக்கிறதென்றால் உள்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஆபரேஷனால் மரத்துப்போன தோலில் அந்தக் கோடு பதிவது தெரியவே தெரியாது. வெல்க்ரோவைக் கீழிருந்து மேலாக ஒட்டவும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். மூச்சு முழுதாக இழுக்க முடியவில்லை என்றால் இறுக்கம் அதிகம். அதிக இறுக்கம் மூச்சைத் தடுப்பதோடு காலிலிருந்து ரத்தம் மேலே திரும்புவதையும் மட்டுப்படுத்தும். ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே இருக்கும் நாட்களில் அது கூடாது.

இந்த வகை பெல்ட்டின் உண்மையான குறை சுருளுவது. உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கீழ் ஓரம் மடிந்து கயிறு மாதிரியாகும். அந்தக் கயிறு தையலுக்கு மேலே இருக்கும் தோலை அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும். தொப்புளுக்குக் கீழுள்ள தோலுக்கு ரத்தம் ஏற்கெனவே தூரத்திலிருந்துதான் வருகிறது. அதனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கையை விட்டுத் தடவி மடிப்பை நீவி விடவும். கருநீலமாகவோ கொப்புளமாகவோ தெரிந்தால் பெல்ட்டைத் திறந்துவிட்டு டாக்டருக்கு போன் செய்யுங்கள். அடுத்த விசிட் வரை காத்திருக்க வேண்டாம்.

டிரெய்ன் டியூபை பெல்ட்டின் கீழ் ஓரத்துக்கு வெளியே இறக்கி, நீர் சேரும் டப்பாவை நைட்டியிலோ லுங்கியிலோ ஊக்கு போட்டு மாட்டவும், வயிற்றுக்குத் தாழ்வாக. டியூபை பெல்ட்டுக்கும் தோலுக்கும் நடுவே படுக்க வைத்தால் இரண்டு கோளாறு: தோலில் பள்ளம் விழும், டியூப் மடங்கி அடைக்கும். தினமும் ஒரே நேரத்தில் மி.லி. கணக்கு எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே தொடர்ந்து 2 நாள் வந்தால்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். எடுத்தபின் வயிற்றுக்குள் தண்ணீர்ப் பை குலுங்குவதுபோல் இருந்தால் அது நீர்க்கட்டு. டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கலாம், சிலருக்கு இரண்டு மூன்று தடவை. அமுக்கி விடுகிறேன் என்று வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சூடு தெரியாத தோல், வெந்துபோன பிறகுதான் பார்ப்பீர்கள்.

சென்னைக்கென்று சில விஷயம். இந்த பெல்ட்டுகளின் எலாஸ்டிக்கில் காற்று போவது சொற்பம். அக்னி நட்சத்திரத்தில் 24 மணி நேரமும் கட்டிக்கொண்டிருப்பது தண்டனைதான். நாள் குறிக்க முடிகிறவர்கள் மார்கழி, தை பார்ப்பது புத்திசாலித்தனம். வேர்க்குருவுக்கு பவுடர் போட்டால் அது வியர்வையோடு பசையாகித் தையலில் உட்காரும். பனியனை ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். பெல்ட் இரண்டு வேண்டும். ஐப்பசி மழையில் ஒன்று காய ஒன்றரை நாள் எடுக்கும். வெல்க்ரோவை ஒட்டி மூடி, பச்சைத் தண்ணீரில் சோப்பு போட்டு அலசி, பிழியாமல் நிழலில் விரிக்கவும். மொட்டை மாடி வெயில் எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும். குளிக்க பெல்ட்டைக் கழற்றியதும் தலை சுற்றுவது சகஜம். முதல் தடவை கட்டிலில் உட்கார்ந்தே திறந்து, ஐந்து நிமிடம் கழித்து ஆள் துணையோடு எழுந்து, ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கவும்.

முழு ஆடைக்கு வருவோம். மூன்றாவது வாரத்திலிருந்து இதன் அருமை தெரியும்: சுருளாது, சட்டைக்குள் தெரியாது, தொடையையும் சேர்த்துப் பிடிக்கும். ஜிப்புக்கு உள்ளே துணி மடிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லாதது தோலைக் கடிக்கும். பாத்ரூம் போக அடியில் திறப்பு இல்லாத மாடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிரித்த ஆடையைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுக்காது, ஆகவே இடுப்பு, பின்புறம், தொடை மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போகவும். கையிலும் தோல் எடுத்தவர்களுக்குத் தனி ஸ்லீவ். போட்டபின் புறங்கை வீங்கினால் அது சின்ன சைஸ்.

தழும்புக்கான சிலிகான் ஷீட்டை இதோடு சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். பொருக்கு முழுதும் உதிர்ந்து, புண் மூடியபிறகுதான் அதற்கு வேலை.

காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றம், டிரெய்னில் திடீரென்று புது ரத்தம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டர். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108.

6 வாரம் முடிந்ததும் ஒரேயடியாகக் கழற்றிப் போடாமல் முதலில் பகலில் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். மாலையானால் வயிறு உப்பும், பாவாடை நாடா பதியும். அது மாதக்கணக்கில் இருக்கும். அப்படிப்பட்ட நாளில் இரண்டு மூன்று மணி நேரம் ஆடையைப் போட்டுக்கொண்டால் போதும். பழைய பெல்ட்டின் வெல்க்ரோ முனை எதிர்ப் பக்கத்தைத் தாண்டி முதுகு வரை போகிறதென்றால் அதன் ஆயுள் முடிந்தது, ஆடையும் ஒரு சைஸ் குறைக்க வேண்டியிருக்கும்.