வெப் செக்யூரிட்டியா, சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங்கா: டெல்டாவில் இருந்துகொண்டு எதைப் பிடிப்பது?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்தபடி சீக்கிரம் வேலைக்குள் நுழைய வேண்டும் என்றால் வெப் செக்யூரிட்டிதான், அதாவது இணையதளங்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடி அடைக்கும் வேலை. ஒரு லேப்டாப், நெட், இணையதளத்தைச் சோதிக்கும் மென்பொருளான பர்ப் சூட்டின் இலவசப் பதிப்பு போதும். வேலைகளும் அதிகம். ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் நிறுவனம் தரும் பரிசான பக் பவுண்டியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்: ஒரே ஓட்டையை முதலில் சொன்னவருக்குத்தான் காசு. எழுத்தில் அனுமதி வாங்காமல் உள்ளூர் வங்கியின் லாகின் பக்கத்தை நோண்டினால் ஐ.டி. சட்டம் 43ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். கெட்ட நோக்கம் என்று நிரூபித்தால் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.

ஆனாலும் என் சாய்வு சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங் பக்கம், அதாவது நீரோட்டம் போன்ற அறிவியல் கணக்குகளைக் கணினியில் போடும் வேலை. காரணம், படித்தது பழசாகும் வேகம். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீயை அனுப்பலாமா என்று சொல்லும் அமைப்பு சேம்சைட். 2020இல் குரோம் 80, அது குறிப்பிடாத குக்கீகளைக் கொஞ்சம் கட்டுப்பாடான 'லாக்ஸ்' என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும், லாகின் செய்தவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் கோரிக்கை அனுப்பும் சிஎஸ்ஆர்எஃப் தாக்குதலுக்குப் பழகிய பல வழிகள் செல்லாக்காசாயின. அந்தப் பக்கம் இப்படித்தான், மூச்சுவிட நேரமிருக்காது. இந்தப் பக்கமோ 1979இல் வெளியான பிளாஸ் என்ற வெக்டர், மேட்ரிக்ஸ் கணக்கு நூலகத்தின் சப்ரூட்டீன் (துணை நிரல்) பெயர்கள் இன்றைக்கும் அப்படியே புழங்குகின்றன.

தவறுகளும் மாறுவதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்ததிலிருந்து ஒரு வாய்க்காலில் நொடிக்கு 1 கனஅடி என்று 32 பிட் ஃப்ளோட்டில் (தசம எண்ணைச் சேமிக்கும் வகை) கூட்டிக்கொண்டே போங்கள். 1,67,77,216ஐத் தொட்டதும் கூட்டுத்தொகை நகராது. அதற்குமேல் 1ஐச் சேர்க்க அந்த எண்ணில் பிட் இல்லை. கணக்குப் போட்டால் அது டிசம்பர் 23. ஜனவரி 28வரை தண்ணீர் ஓடும், கணக்கில் ஓடாது. எர்ரரும் வராது. 64 பிட் டபுளுக்கு மாற்றினால் தீர்ந்தது.

அடுத்த தவறு, நீரோட்டக் கணக்கை ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி முன்னே நகர்த்துவது என்ற நேரப் படியில். 2.5 மீட்டர் ஆழத்தில் அலை நொடிக்கு சுமார் 5 மீட்டர் போகும், நீரோட்டம் 1 மீட்டர். வாய்க்காலைப் பிரிக்கும் கட்டம் 12 மீட்டர் என்றால், இப்போதைய நிலையிலிருந்தே அடுத்த நிலையை நேரடியாகக் கணக்கிடும் சாதாரண எக்ஸ்பிளிசிட் முறையில் ஒரு படி 2 நொடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர்மட்டம் தாறுமாறாக எகிறும். இருபரிமாணத்தில் கட்டத்தைப் பாதியாக்கினால் வேலை 8 மடங்கு. லேப்டாப் திணறுவது இங்கேதான். திருச்சி என்.ஐ.டி.யில் 2022இல் வந்த பரம் பொருள் என்ற சூப்பர்கம்ப்யூட்டரின் வேகம் 838 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு). ஆனால் தனியாள் போய்க் கேட்டு வாங்குகிற பொருளல்ல, கல்லூரி வழியாகத்தான் முயல வேண்டும்.

குறையும் உண்டு. முதல் வேலைக்கே பல இடங்களில் முதுகலையோ பிஎச்டியோ கேட்பார்கள், அதுவும் பெரும்பாலும் பெங்களூரு, புனே. படித்தது பழசாகாது என்று ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) நிரலாக்கத்துக்கு நான் இவ்வளவு உறுதி தரமாட்டேன். அங்கே மாற்றம் வேகம்.

சொந்தக் கணினியில் இரவெல்லாம் ஓட்டுகிறவர்கள் அரை மணிக்கொரு முறை செக்பாயின்ட் (விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் கோப்பு) எழுதுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதாமல், தற்காலிகக் கோப்பில் எழுதி டிஸ்க்கில் சேர்ந்த பிறகு பெயரை மாற்றுங்கள். பழசின் மேலேயே எழுதும்போது நடுவில் கரண்ட் போனால் புதுசோடு பழசும் போய்விடும்.